சோளக்காட்டுச் செருமல்

தனப்பிரியாவின் கதிர்க்குருவிகளைத் தீனதயாளன் இதுவரை மூன்று முறை தூக்கிப் போட்டிருக்கிறார். மூன்று முறையும் ஒரே வாசகம்தான். "பாட்டு, உருவம், இடம். மூன்றில் ஒன்றுதான் பொருந்துகிறது. பதிவு ஏற்கப்படவில்லை." அதற்குப் பக்கத்தில் கும்பிடு போடும் படம் ஒன்று. அந்தக் கும்பிடுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பும்.

தீனதயாளனுக்கு ராசிபுரத்தில் உரக்கடை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பறவை பார்க்கும் அறுபது எழுபது பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில், யார் எதைப் பார்த்தேன் என்று எழுதினாலும் அதைச் சரிபார்த்து ஏற்பதும் தள்ளுவதும் பதினோரு வருடமாக அவர் கையில். சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத அதிகாரத்துக்குத்தான் மனிதன் அதிகம் உழைக்கிறான்.

மயில், மீன்கொத்தி என்றால் யாரும் யாரையும் கேள்வி கேட்கப்போவதில்லை. கதிர்க்குருவி அப்படியல்ல. ஆட்காட்டி விரல் நீளம். மற்ற பறவைகளுக்கெல்லாம் சாயம் ஏற்றி முடித்தபிறகு தொட்டியில் மிஞ்சிய தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஒரு பழுப்பு. புதரை விட்டு வெளியே வந்தால் அரை நொடி நிற்கும். வேலியில் இருக்கும் ஒன்று 'டக்' என்னும். மரத்து உச்சியில் இருக்கும் ஒன்று 'ச்சிலி' என்னும். ஏரிக்குள் சம்புப் புல்லில் இருப்பது துருப்பிடித்த கதவைப் போல நாள் முழுக்க அரற்றும். இந்த வித்தியாசத்துக்காகப் பல் துலக்காமல் முள்வேலிக்குள் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். தனப்பிரியா அவர்களில் ஒருத்தி.

அவளுக்கு முப்பத்தொரு வயது. சேலத்தில் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் இரவு வேலை பார்த்தாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக்கொண்டு எழுத்தாக்கித் தர வேண்டும். பெயர் சொல்லாவிட்டாலும், ஒவ்வொரு டாக்டரும் தொண்டையைச் செருமுவதை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். திரும்பப் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "தூக்கம் வந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும் அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வருடம் தீனதயாளன் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டார். பொங்கல் கழிந்ததும் கதிர்க்குருவிப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையை வேறொருவரிடம் கொடுக்கப் போகிறார். காது முன்போல இல்லையாம். யாரிடம் என்பதற்கு இரண்டு பெயர்தான் அடிபட்டது. ஒன்று முருகானந்தம். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன், லாரி சைலன்சர் நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருப்பவன். இன்னொன்று தனப்பிரியா.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் இந்த அளவுக்கு அவள் வேண்டியதில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான். கணவன் சந்தோஷ்குமாரிடமே அதைச் சொன்னாள். சேந்தமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அவன் செம்புக் கம்பியிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி, கெடைச்சா எனக்கும் ஒரு ட்ரீட் வெய்யி" என்றான். அவனைப் பற்றி அவளுக்கு இருந்த நல்ல அபிப்பிராயத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஸ்கூட்டியில் ஏரிக்குப் போனாள். கொல்லிமலைமேல் மேகம் இன்னும் கலையவில்லை. ஏரிக்கரையை ஒட்டி கருப்பண்ணன் என்பவரின் சோளக்காடு. கதிர் முற்றி ஆளுயரத்துக்கு நின்றது. அதன் நடுவிலிருந்து ஒரு பாட்டு வந்தது.

அவள் வண்டியை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்பதைவிடப் போட்டாள் என்பது சரி.

வேகமான பாட்டு. மூச்சு விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வேறு வேறு பறவைகளின் குரலை அள்ளிக் கொட்டியது. சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து வேலிகளில் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் பிளித் நாணல் கதிர்க்குருவி இப்படிப் பாடாது. அது 'டக், டக்' என்று கொட்டாப்புளியால் தட்டுவதோடு சரி. ஊருக்குத் திரும்பும் மாதத்தில் கொஞ்சம் பாடும், அதையும் நிதானமாக, சொன்னதையே இரண்டு மூன்று முறை சொல்லிப் பாடும். இவ்வளவு அவசரக்காரப் பாட்டு சதுப்புக் கதிர்க்குருவியுடையது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; சதுப்புக் கதிர்க்குருவிக்குக் கால் கொஞ்சம் வெளிர், இறக்கை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் சதுப்புக் கதிர்க்குருவி குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிற பறவை. சேந்தமங்கலத்தில் அதற்கு வேலையே கிடையாது.

நாற்பது நொடி போனில் பதிந்தாள். பத்து நிமிடம் நின்றும் குருவி கண்ணில் படவில்லை. பாட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே இடத்திலிருந்து வந்தது. பதிந்ததைக் குழுவில் போட்டு, கூடவே எழுதினாள்: "சதுப்புக் கதிர்க்குருவி. சேந்தமங்கலம், ஏரிக்கரைச் சோளக்காடு. நான் கேட்டுப் பழகிய ஒலிப்பதிவோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது."

அச்சு அசலாக என்ற சொல்லை அவள் இரண்டு முறை அழித்துவிட்டு மூன்றாம் முறையும் போட்டாள்.

மத்தியானத்துக்குள் குழு கொதித்தது. முருகானந்தம் முதலில் எழுதினான்: "ஆப்பிரிக்கா போற குருவி வழி தவறிச் சேந்தமங்கலம் வந்துச்சா? பஸ் மாறி ஏறியிருக்கும்." தீனதயாளன் சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் ஒலிப்பதிவைக் கேட்டார். பிறகு எழுதினார்: "பாட்டு பொருந்துகிறது. உருவம் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை வருகிறேன்." கும்பிடு இல்லை. தனப்பிரியா அந்த வரியைக் கணவனிடம் காட்டினாள்.

"கும்புடு போடல பாத்தீங்களா?"

"அது நல்லதா, கெட்டதா?"

"நெம்ப நல்லது."

"அப்ப ஞாயித்துக்கெழம டீ, இட்லி எல்லாம் நானே கொண்டாறேன்" என்றான் சந்தோஷ்குமார்.

அந்த வாரம் முழுக்க அவள் தினமும் போய் நின்றாள். தினமும் பாட்டுக் கேட்டது. தினமும் குருவி தெரியவில்லை. ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. சதுப்புக் கதிர்க்குருவி ஈரமான புதரில் இருக்க வேண்டியது, காய்ந்த சோளத்துக்குள் என்ன செய்கிறது? வழிதவறி வந்தவனுக்கு லாட்ஜ் பார்க்க நேரம் இருக்குமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது நல்ல சமாதானம் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

*

ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு வேனும் ஒரு காரும் வந்து நின்றன. பதினோரு பேர் இறங்கினார்கள். தீனதயாளன் பச்சைச் சட்டை, கழுத்தில் பழைய பைனாகுலர். அதன் வார் அறுந்து உரமூட்டை தைக்கும் சணலால் முடி போட்டிருந்தது. முருகானந்தம் லென்ஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான்.

"என்னங்கம்மிணி, குருவி டிக்கெட் எடுத்துட்டுப் போயிருச்சா, இருக்குதா?"

"உள்ளதான் இருக்குது. உங்க பீரங்கியப் பாத்துப் பயந்துக்காம இருந்தாச் சரி" என்றாள் தனப்பிரியா.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் தீனதயாளன்.

ஆறே முக்காலுக்குப் பாட்டு ஆரம்பித்தது.

பதினோரு பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவர் இருமலை விழுங்கினார். தீனதயாளன் கண்ணை மூடிக்கொண்டு காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்தார். ஒரு நிமிடம் கழித்து அவர் முகத்தில் வந்த சிரிப்பை இதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

"இது அதுதான்" என்றார் மெதுவாக. "பதினோரு வருசத்துல இப்படி ஒண்ணு கேட்டதில்ல."

சோளக்காட்டின் ஓரத்தில், ஆமணக்குச் செடியில் ஏதோ அசைந்தது. எல்லாப் பைனாகுலர்களும் அங்கே திரும்பின. பழுப்பாக ஒன்று கிளை மாறி, அரை நொடி நின்று, உள்ளே புகுந்தது. முருகானந்தத்தின் கேமரா கடகடவென்று முப்பது படம் எடுத்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா?" தீனதயாளன் நோட்டை எடுத்தார். "காலு வெளிர் நெறம். றெக்க நீளம். எழுதிக்கங்க. பாட்டு, உருவம் ரெண்டும் ஆச்சு."

"நானும் பாத்தேனுங்க, காலு வெளிருதான்" என்றான் முருகானந்தம். தோற்றது தெரிந்தும் வரலாற்றில் இடம்பிடிக்கும் ஆசை அவனை விடவில்லை.

தனப்பிரியாவின் தோளில் யாரோ தட்டினார்கள். தீனதயாளன் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வேலை அவளுக்குத்தான்.

வாரம் முழுக்கப் பாட்டிலேயே காதை வைத்திருந்தவளுக்கு அப்போதுதான் அது கேட்டது.

பாட்டு ஒரு நொடி நின்றது. சோளத்துக்குள்ளிருந்து ஒரு மனிதர் தொண்டையைச் செருமினார். இரண்டு முறை. முதலாவது சிறியது, இரண்டாவது சளி கலந்தது. பிறகு மறுபடி பாட்டு, முதலிலிருந்து.

மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. காட்டுக்காரர் யாரோ என்று நினைத்திருப்பார்கள். தனப்பிரியாவுக்கு அந்தச் செருமலைத் தெரியும். அவளுடைய பென்டிரைவில் 'குருவி' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள். தினமும் ராத்திரி சாப்பிட்டபின் அதைக் கேட்டுத்தான் படிப்பாள். சதுப்புக் கதிர்க்குருவியின் பாட்டை எங்கோ ஐரோப்பாவில் பதிவுசெய்த அந்த முகம் தெரியாத மனிதர், கடைசியில் மைக்கை அணைக்கும் முன்னால் இப்படித்தான் செருமுவார்.

அச்சு அசலாக.

அந்த நேரம் பார்த்துச் சந்தோஷ்குமார் டீ கேனும் இட்லிப் பொட்டலங்களுமாக வரப்பில் வந்தான். அவள் அவனைத் தனியாக இழுத்துப் போனாள்.

"ஏனுங்க, என் பென்டிரைவ எடுத்து யாருக்காச்சும் ஏதாச்சும் ஏத்திக் குடுத்தீங்களா?"

"ஆமா. கருப்பண்ணன் அண்ணன் கடைக்கு வந்தாப்ல. சோளத்துல கிளி வந்து உழுந்து திங்குது, ஸ்பீக்கருல குருவி வெரட்டுற சத்தம் ஏதாச்சும் போட்டுக் குடுன்னாரு. உன் ஃபோல்டருல பாத்தேன். ஒண்ணு மட்டும் நல்லா நீளமா, இருவது முப்பது குருவி ஒட்டுக்காக் கத்துற மாதிரி இருந்துச்சு. இத்தன பேரு சத்தம் கேட்டாக் கிளி வராதுன்னு அதையே மெமரி கார்டுல ஏத்தி, டைமரும் போட்டுக் குடுத்தேன்." அவன் அப்போதுதான் காட்டிலிருந்து வரும் பாட்டைக் கேட்டான். கேனைக் கீழே வைத்தான். "அய்யோ."

"அய்யோதான்."

"இது அவுரு காடுன்னு எனக்குத் தெரியாது தனம், சத்தியமா." அவன் குரலைத் தாழ்த்தினான். "இரு. நான் நைசா உள்ள போயி ஆஃப் பண்ணிட்டு வாரேன். குருவி பறந்துபோச்சுன்னு சொல்லிரலாம். அவுங்கதான் காலு, றெக்க எல்லாம் பாத்துட்டாங்களே."

நல்ல யோசனை. அவள் அதை மறுப்பதற்கு முன் முழுதாக யோசித்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். யாருக்கும் தெரியாது. வேலை அவள் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அடுத்தவர்கள் எழுதி அனுப்பும் கதிர்க்குருவிகளைப் பார்த்து மூன்றில் ஒன்றுதான் பொருந்துகிறது என்று அவள் எழுத வேண்டும். எழுதும்போதெல்லாம் அந்த ஆள் காதுக்குள் செருமுவார். நான்கு வருடம் டாக்டர்களின் செருமலைக் கேட்டாயிற்று. இன்னொருத்தரைச் சுமக்க அவளால் ஆகாது.

"டீய ஊத்துங்க, இட்லியக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கூட்டத்துக்குத் திரும்பினாள்.

"சார், இது குருவி இல்ல."

தீனதயாளன் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"ஸ்பீக்கரு. கிளி வெரட்ட வெச்சிருக்காங்க. பாட்டு என்னோட பென்டிரைவ்ல இருந்து போனது. என் ஊட்டுக்காரருதான் ஏத்திக் குடுத்திருக்காரு. இப்ப முடியும்போது கேளுங்க, ஒருத்தரு செருமுவாரு."

பதினோரு பேரும் காத்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. செருமல் வந்தது. சிறியது ஒன்று, சளி கலந்தது ஒன்று.

யார் கையிலிருந்தோ இட்லிப் பொட்டலம் கீழே விழுந்தது. முருகானந்தம் முதலில் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரிப்பு உச்சத்துக்குப் போன நேரத்தில் சோளத்தை விலக்கிக்கொண்டு கருப்பண்ணன் வந்தார். தலையில் துண்டு, முகமெல்லாம் பெருமை. வெளியூர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு தன்னுடைய மிசினைப் பார்க்க வந்திருப்பதாக அவருக்கு எண்ணம்.

"வாங்க சாமி, வாங்க. ஏனுங்க, சத்தம் பத்துதுங்களா? இன்னுங் கொஞ்சம் ஏத்தி வெக்கட்டுங்களா?"

அதற்கப்புறம் யாராலும் நிற்க முடியவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். தீனதயாளன் மட்டும் சிரிக்கவில்லை. முருகானந்தத்தின் பக்கம் கையை நீட்டினார்.

"கேமராவக் குடு."

ஆமணக்கில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றாவது படம் தெளிவாக இருந்தது. கால் சாம்பல் நிறம். இறக்கை குட்டை. ஸ்பீக்கர் சத்தத்துக்கு எரிச்சல்பட்டு எட்டிப்பார்த்த, சாதாரண, தினமும் வேலியில் 'டக்' என்கிற பிளித் நாணல் கதிர்க்குருவி. இப்போதும் ஆமணக்குக்குள்ளிருந்து 'டக், டக்' என்று தட்டிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை நேரமும் அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"வெளிர் காலு" என்றார் தீனதயாளன், தன்னையே திட்டுவது போல. "வெளிர் காலாம். பாட்டக் கேட்டதும் காலுக்கு நானே சாயம் பூசிட்டேன். நீயும் பாத்தீல்ல முருகா?"

முருகானந்தம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்னியைக் கிளறினான்.

"எடமும் பொருந்தல சார். காஞ்ச காடு. திங்கக்கெழமையே எனக்கு உறுத்துச்சு. பாட்டு கெடைச்ச சந்தோசத்துல அத உட்டுட்டேன்." தனப்பிரியா போனை எடுத்து, எல்லோர் முன்னாலும் குழுவில் தட்டினாள்: "சதுப்புக் கதிர்க்குருவி, சேந்தமங்கலம். பாட்டு இருந்தது. குருவி இல்லை. பதிவு ஏற்கப்படவில்லை." பக்கத்தில் ஒரு கும்பிடும் போட்டாள்.

வரப்பில் இருந்த பதினோரு போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. தீனதயாளன் படித்தார். நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொங்கல் வரைக்கும் எதுக்கு? நாளைல இருந்து நீயே எழுது அம்மிணி."

"சார், தப்பாச் சொன்னவங்களுக்கேவா?" என்றான் முருகானந்தம்.

"தப்பு மூணு பேரும்தான் சொன்னோம். கேட்டது இந்தப் புள்ள மட்டும்தான். அந்தாளு செருமுனது உனக்குக் கேட்டுச்சா? எனக்குக் கேக்கல. மர உச்சியில இருக்குற பச்சைக் கதிர்க்குருவி எனக்குக் கேட்டே ரெண்டு வருசம் ஆச்சு, தெரியுமா?" அவர் அதை உரவிலை சொல்வது போலச் சொன்னார். பிறகு டீ டம்ளரை நீட்டினார். "சக்கர பத்தல."

கருப்பண்ணனுக்கு நடந்தது பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி அவருக்குக் கவலையைக் கொடுத்தது.

"அப்ப இந்தச் சத்தம் ஆவாதுங்களா? அதானே பாத்தேன். கிளி பாட்டுக்கு ஸ்பீக்கரு மேலயே உக்காந்து திங்குது. மனுசச் சத்தமா ஒண்ணு போட்டுக் குடுங்க சாமி. நல்லா மெரட்டுற மாதிரி."

எல்லோரும் ஒரே நேரத்தில் தீனதயாளனைப் பார்த்தார்கள். உரக்கடையில் மூட்டை இறக்கும் ஆட்களோடு கத்திக் கத்தி வளர்ந்த குரல் அது. சந்தோஷ்குமார் போனை அவர் வாய்க்கு முன்னால் நீட்டினான்.

"ரெண்டு நிமிசம் சார். சத்தமா எதையாச்சும் சொல்லுங்க."

"எதச் சொல்றது?"

"உங்களுக்கு வாயில வர்றதச் சொல்லுங்க" என்றாள் தனப்பிரியா.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் ஏரிக்கரைக்கு வந்தபோது சோளக்காட்டின் நடுவிலிருந்து ராசிபுரத்து உரக்கடைக்காரரின் குரல் முழங்கியது. "பாட்டு, உருவம், இடம்! மூன்றில் ஒன்றுதான் பொருந்துகிறது! பதிவு ஏற்கப்படவில்லை!" இருபது முப்பது பச்சைக்கிளிகள் ஒன்றாக எழும்பிக் கொல்லிமலைப் பக்கம் போயின.

வேலியில் இருந்த ஒன்று மட்டும் போகவில்லை. 'டக்' என்றது. அவள் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, புதிய நோட்டில் முதல் பதிவை எழுதினாள்.